“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க”: அதற்கு அப்புறம் யார் வருகிறார்கள்?

பெரிய ஆஸ்பத்திரிகளின் வராந்தாவில் டாக்டர்கள் சொல்லும் பல விஷயங்கள் நமக்குப் பாதிதான் புரியும். ஆனால் ஒரு வாக்கியம் மட்டும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உடனே புரிந்துவிடும். “இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்சதைச் சாப்பிடக் கொடுங்க.” அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போன் போகும், வண்டி பேசுவார்கள், கூடத்தில் கட்டில் போட இடம் ஒதுக்குவார்கள்.

அந்த வாக்கியத்துக்கும் வாயில் பால் ஊற்றும் நாளுக்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கலாம், எட்டு மாதமும் இருக்கலாம். பக்கவாதம், மறதி நோய் என்றால் வருடக்கணக்கில்கூட இழுக்கும். அத்தனை நாளும் வலிக்கு மாத்திரை யார் எழுதித் தருவது? படுக்கைப் புண்ணை யார் சுத்தம் செய்வது? சிறுநீர்க் குழாயை மாற்ற ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸ் பிடிக்க வேண்டுமா? நடைமுறையில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நம் நாட்டில் ஒரே பதில்தான்: வீட்டில் இருக்கும் பெண் பார்த்துக்கொள்வாள்.

நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய அறிக்கைகளையும் சட்டங்களையும் தேடிப் படிப்பது பழக்கம். ‘பாலியேட்டிவ் கேர்’ என்கிறார்களே (நம் அரசு ஆவணங்களில் ‘நோய் ஆதரவு சிகிச்சை’), அது வீட்டு வாசல் வரை வந்த வரலாற்றைத் தேடிப் படித்ததில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. மருந்து, சட்டம், கொள்கை மூன்றும் வேண்டும்தான். ஆனால் மூன்றும் இருந்தும் வீட்டுக்கு ஆள் வராத இடங்கள் நிறைய. அரசு சேவையாக ஆள் வந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தால், வீட்டுக்குப் போகும் நர்ஸின் சம்பளம் பக்கத்திலேயே இருக்கும் ஓர் அலுவலகத்தின் பட்ஜெட்டில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரி எப்படி வந்தது என்பதைப் பற்றித்தான்.

ஜன்னலுக்கு 500 பவுண்ட்

கதை லண்டனில் தொடங்குகிறது. சிசிலி சாண்டர்ஸ் (1918–2005) முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஆனார். அப்போது அவர் பார்த்த நோயாளிகளில் ஒருவர் டேவிட் டாஸ்மா. வார்சாவிலிருந்து வந்த யூத அகதி, குடும்பம் இல்லை, புற்றுநோய். சாகிறவர்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். 1948-ல் டாஸ்மா இறந்தபோது 500 பவுண்டை விட்டுச் சென்றார், அந்த வீட்டில் தான் ஒரு ஜன்னலாக இருப்பதற்கு.

வலியைப் பற்றிப் பேசினால் டாக்டர்கள் ஒரு நர்ஸின் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து, சாண்டர்ஸ் மருத்துவம் படித்து 1957-ல் டாக்டர் ஆனார். ஜன்னலுக்குப் பணம் வந்து 19 வருஷம் கழித்துத்தான் ஜன்னலைச் சுற்றிக் கட்டடம் எழுந்தது: 1967-ல் தெற்கு லண்டனில் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ்.

அவர் கொண்டுவந்த மருத்துவ மாற்றம் எளிமையானது. அதுவரை வழக்கம், வலி தாங்காமல் நோயாளி கத்தும்போது மார்ஃபின் ஊசி போடுவது. சாண்டர்ஸ், வலி திரும்ப வருவதற்கு முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்து வாய்வழியாகக் கொடுங்கள் என்றார். இன்னொன்று, ‘முழு வலி’ என்ற கருத்து. உடம்பு வலியோடு கடன் கவலை, பயம், பிள்ளைகளைப் பற்றிய நினைப்பு எல்லாம் சேர்ந்துதான் ஒருவரை வதைக்கிறது. அதனால் டாக்டர் மட்டும் போதாது என்பது.

ஹாஸ்பிஸ் திறந்து இரண்டே வருஷத்தில், 1969-ல், அவர்களே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சேவையையும் ஆரம்பித்தார்கள். கட்டில்கள் எத்தனை போட்டாலும் போதாது, பெரும்பாலானோர் இருக்க விரும்புவது சொந்த வீட்டில்தான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ‘பாலியேட்டிவ் கேர்’ என்ற பெயர் பின்னால் கனடாவில் வந்தது. மான்ட்ரியல் மருத்துவர் பால்ஃபர் மவுன்ட், 1970-களின் நடுவில், ‘ஹாஸ்பிஸ்’ என்ற சொல் பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு அநாதை விடுதியை நினைவுபடுத்துகிறது என்று இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். மூலம் ‘பாலியம்’ என்ற லத்தீன் சொல், மேலே போர்த்தும் அங்கி.

இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை 1948-லேயே வந்துவிட்டது. ஆனாலும் ஹாஸ்பிஸ்கள் பெரும்பாலும் நன்கொடையில்தான் ஓடின, இன்றும் அப்படித்தான். நோய் ஆதரவு சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது உள்ளூர் சுகாதார அமைப்புகளின் சட்டப்பூர்வக் கடமை என்று அங்கே வெளிப்படையாக எழுதியது 2022-ல் வந்த சட்டம்தான். உலகத்துக்கே கற்றுக்கொடுத்த நாட்டுக்கே அந்த ஒரு வரியை எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது!

அபின் விளையும் நாட்டில் மார்ஃபின் இல்லை

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பை பாந்த்ராவில் டாக்டர் டி சூசா தொடங்கிய சாந்தி அவேதனா. அதே 1986-ல்தான் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றை வெளியிட்டது. சாதாரண வலி மாத்திரையில் தொடங்கி, கடைசிப் படியில் மார்ஃபின். விலை குறைவு, மாத்திரையாகவே கொடுக்கலாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அதற்கு ஒரு வருஷம் முன்னால் நம் நாடாளுமன்றம் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை (என்.டி.பி.எஸ்., 1985) நிறைவேற்றியிருந்தது. கடத்தல்காரர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம், குறைந்தபட்சத் தண்டனையே பத்து வருஷம். மார்ஃபினை மருத்துவத்துக்குப் பயன்படுத்த அந்தச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் உரிமம் தரும் அதிகாரம் மாநிலங்களிடம் போனது. வைத்திருக்க ஓர் உரிமம், வாங்க ஒன்று, ஒரு மாநிலத்திலிருந்து அனுப்ப ஒன்று, இன்னொன்றுக்குள் கொண்டுவர ஒன்று. கொடுப்பவர்களும் சுகாதாரத் துறை, கலால் துறை என்று வெவ்வேறு ஆட்கள். எல்லா உரிமமும் ஒரே நேரத்தில் காலாவதி ஆகாமல் இருந்தால்தான் மருந்து வரும். கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதல் உரிமம் காலாவதியாகியிருக்கும்.

கணக்கில் ஒரு சிறு பிசகு வந்தாலும் ஜெயில் என்றால் எந்த மருந்துக்கடைக்காரர் வாங்கி வைப்பார்? மருந்தகங்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. சில நூறு கிலோவாக இருந்த நாட்டின் வருடாந்திர மார்ஃபின் பயன்பாடு 1997-ல் 18 கிலோவுக்கு இறங்கியது. பல கோடி மக்கள் இருக்கும் நாட்டுக்கு வெறும் 18 கிலோ! ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபின் மாத்திரையைக் கண்ணால் பார்க்காமலேயே படித்து முடித்து வெளியே வந்தார்கள்.

இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், உலகில் மருத்துவத் தேவைக்காகச் சட்டப்படி அபின் தயாரித்து ஏற்றுமதி செய்யும் முக்கிய நாடே நாம்தான். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. காஜிப்பூர் ஆலை கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. இங்கே விளைந்த அபின் வெளிநாட்டு நோயாளிகளின் வலியைக் குறைத்தது. ஆலைக்குப் பக்கத்து ஊர் நோயாளிக்கு அது கிடைக்கவில்லை.

கோழிக்கோடு, 1993

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.ஆர். ராஜகோபால் மயக்கவியல் பேராசிரியராக இருந்தார். அவர் பலமுறை சொல்லியிருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. புற்றுநோய் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தார். நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்திவிட்டார் ராஜகோபால். மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்க, வலி போய்விட்டதால் இனி வரத் தேவையில்லை என்றார். நோய் குணமாகாது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனவர் தற்கொலை செய்துகொண்டார். வலியை நிறுத்தியதோடு என் வேலை முடிந்ததாக நினைத்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்பதுதான் இதிலிருந்து ராஜகோபால் எடுத்துக்கொண்ட பாடம்.

1993-ல் அவரும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து மருத்துவக் கல்லூரியிலேயே ‘பெய்ன் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி’யை ஆரம்பித்தார்கள். அரசு மருத்துவமனைக்குள் ஓர் அறை, நன்கொடை, தன்னார்வலர்கள். வலி தாங்காமல் தூர ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மார்ஃபினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

“வீட்டுக்குக் கொடுத்தால் கடத்திவிடுவார்கள், அடிமையாகிவிடுவார்கள்” என்பதுதான் அதிகாரிகளின் பயம். இதற்கு அவர்கள் பதில் சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாதம் செய்யாமல் கணக்கைக் காட்டினார்கள். 2001-ல் லான்செட் மருத்துவ இதழில் ராஜகோபாலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையின்படி, இரண்டு வருஷத்தில் 1,723 பேருக்கு வீட்டில் வைத்துச் சாப்பிட மார்ஃபின் கொடுக்கப்பட்டது. தவறாகப் பயன்படுத்தியதாகவோ வெளியே விற்றதாகவோ ஒரு சம்பவம்கூடக் கண்டறியப்படவில்லை. அதற்குள் 1998-ல் மத்திய அரசு எளிமையான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியிருந்தது. கேரளம் ஏற்றது, வேறு சில மாநிலங்களும் ஏற்றன. பல மாநிலங்கள் கோப்பைத் திறக்கவே இல்லை.

மலப்புறம்: அக்கம்பக்கத்தார்

ஆனால் கிளினிக் நடத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. நடக்க முடிந்தவர்கள் மட்டும்தான் கிளினிக்குக்கு வர முடியும். படுத்துவிட்டவருக்கு மூன்று பஸ் மாறி யாராவது மருந்து வாங்கி வர வேண்டும். அப்படியும் மருந்துதான் வீட்டுக்குப் போகும், கவனிப்பு போகாது.

2001-ல் நான்கு தொண்டு அமைப்புகள் சேர்ந்து மலப்புறத்தை மையமாக வைத்து ‘அக்கம்பக்க வலைப்பின்னல்’ (என்.என்.பி.சி.) என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. சுரேஷ் குமார் இதில் முக்கியமானவர். யோசனை இதுதான்: சாவை நெருங்கியிருப்பவரின் பிரச்சினைகளில் மருத்துவப் பிரச்சினை ஒரு பகுதிதான். அரிசி இல்லை, பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது, பேச ஆளில்லை, பார்த்துக்கொள்ளும் மனைவி தூங்கி மாதக்கணக்காகிறது. இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு, ஊர்க்காரர் போதுமே!

வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க முடிகிறவர்களைச் சேர்த்தார்கள். 16 மணி நேர வகுப்பு, பிறகு அனுபவசாலிகளோடு நான்கு நாள் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி, அவ்வளவுதான். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், கடைக்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர் என்று எல்லாரும் வந்தார்கள். பணமும் உள்ளூரிலிருந்தே வந்தது: கடைகளில் உண்டியல், சிறு சிறு மாதச் சந்தா, பள்ளிக் குழந்தைகள் சேர்த்த காசு. இன்றும் கேரளத்தில் ஜனவரி 15 பாலியேட்டிவ் தினம். ‘சாந்த்வன பரிசரணம்’ என்று அழகான மலையாளச் சொல் இருந்தாலும், கிராமத்துப் பாட்டிகூட ‘பாலியேட்டிவ்’ என்றே சொல்வார். “பாலியேட்டிவ்காரர்கள் வந்தார்கள்” என்றால் வீட்டுக்கு வரும் அந்த ஆட்கள்.

இவர்கள் வீட்டில் செய்யும் வேலை என்ன? பார்த்தால் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் எப்படித் திருப்பிப் போடுவது என்று மருமகளுக்குக் காட்டுவார்கள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கச் சொல்லித் தருவார்கள். நாற்றமடிக்கும் புற்றுப் புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவார்கள். விலை மலிவான மருந்துதான். ஆனால் அந்த நாற்றம் போனால்தான் பேரக்குழந்தைகள் பக்கத்தில் வந்து உட்காரும். மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கு மருந்தையும் கூடவே ஆரம்பிப்பார்கள். இதில் எதற்கும் ஸ்கேன் தேவையில்லை, ஐ.சி.யூ. தேவையில்லை. வீட்டுக்கு வருகிற, விஷயம் தெரிந்த ஓர் ஆள் தேவை.

பஞ்சாயத்து பட்ஜெட்டில் ஒரு வரி

இங்கே இன்னொரு வரலாறு வந்து சேர்கிறது. 1996-ல் கேரளம் ‘மக்கள் திட்டம்’ என்ற பெயரில், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளிடம் கொடுக்கத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் பஞ்சாயத்துப் பொறுப்பில் வந்தன. ஆக, கையில் காசும் முடிவெடுக்கும் அதிகாரமும் இருக்கிற பஞ்சாயத்துகள் ஒரு பக்கம். நம் ஊரிலும் இந்தச் சேவை வேண்டும் என்று கேட்கிற தன்னார்வலர்கள் மறுபக்கம். தன்னார்வலர்களில் பலர் அந்தப் பஞ்சாயத்துகளின் வாக்காளர்கள், சிலர் உறுப்பினர்கள்.

2007 வாக்கில் மலப்புறம் மாவட்டப் பஞ்சாயத்து ‘பரிரக்ஷா’ என்ற திட்டத்தில் வீட்டுச் சேவையை உள்ளாட்சி வேலையாக எடுத்துக்கொண்டது. 2008 ஏப்ரலில் கேரள அரசு நோய் ஆதரவு சிகிச்சைக் கொள்கையை வெளியிட்டது. ஆசியாவில் ஓர் அரசு இப்படிக் கொள்கை வகுத்தது அதுவே முதல்முறை என்கிறார்கள். அதன் நடைமுறை வடிவம் எளிமையானது: ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி, பயிற்சி பெற்ற ஒரு சமூக நர்ஸ், ஒரு வண்டி, ஒரு வீட்டுப் பட்டியல். நர்ஸுக்கான சம்பளமும் வண்டி வாடகையும் பஞ்சாயத்தின் வருடாந்திரத் திட்டத்தில் இருக்கும். கூடவே ஆஷா பணியாளரும் வார்டு உறுப்பினரும் போவார்கள். 900-க்கும் மேற்பட்ட பஞ்சாயத்துகளுக்கு இது பரவியது.

ஏன் இதை முக்கியமாகச் சொல்கிறேன்? நன்கொடையில் ஓடுவது, நடத்துபவர் களைத்தால் நின்றுவிடும். மாநிலத் தலைநகரிலிருந்து ஓடும் திட்டம், அமைச்சர் மாறினால் பெயர் மாறும். பஞ்சாயத்து பட்ஜெட்டில் இருக்கும் வரியை வெட்டினால், அடுத்த நாளே வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள், “எங்க அம்மாவுக்குக் குழாய் மாத்த ஏன் ஆள் வரல?” என்று. கேள்வி கேட்க நடந்தே போகக்கூடிய தூரத்தில் பொறுப்பாளர் இருக்கிறார்.

இந்தியாவின் மக்கள்தொகையில் 3 சதவீதம்தான் கேரளம். ஆனால் நாட்டின் நோய் ஆதரவு சேவைகளில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் இருந்ததாக, சாவின் தரத்தை வைத்து நாடுகளை வரிசைப்படுத்திய எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவின் 2010 அறிக்கை சொன்னது. அதே அறிக்கையில் இந்தியாவின் இடம் 40 நாடுகளில் 40. 2015-ல் 80 நாடுகளில் 67.

கேரளத்தில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பல இடங்களில் ஒரு நர்ஸ் மேல் நூற்றுக்கணக்கான வீடுகளின் பாரம் விழுகிறது, மாதத்துக்கு ஒரு தரம்தான் வர முடிகிறது. நர்ஸ்களில் நிறையப் பேர் ஒப்பந்த ஊழியர்கள், சம்பளம் குறைவு. நர்ஸ் வந்தாலும் பின்னால் மார்ஃபின் எழுதித் தரப் பயிற்சி பெற்ற டாக்டர் இல்லையென்றால் கடுமையான வலிக்குப் பதில் கிடையாது. ஆனால் இவையெல்லாம் சேவை இருப்பதால் வருகிற குறைகள். நம்மில் பலருக்கு அந்தக் குறைகளைச் சொல்லும் வாய்ப்பே இன்னும் வரவில்லை.

டெல்லியில் காகிதம் தயார்

நாடு தழுவிய முயற்சி இல்லாமல் இல்லை. 2007-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு, 2009-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை, 2012-ல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தேசிய நோய் ஆதரவு சிகிச்சைத் திட்டம். படித்தால் நல்ல திட்டம்தான். தனியாக நிதிதான் ஒதுக்கவில்லை. மாநிலங்கள் விரும்பினால் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியில் கேட்டு வாங்கலாம் என்று விடப்பட்டது. கேட்ட மாநிலத்துக்குக் கிடைத்தது, மற்றவை கேட்கவில்லை.

2014 பிப்ரவரியில், அந்த நாடாளுமன்றத்தின் கடைசி நாட்களில், என்.டி.பி.எஸ். சட்டத் திருத்தம் நிறைவேறியது. மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ ஆயின. பல உரிமங்களுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரே அங்கீகாரம் பெற்றால் போதும், நாடு முழுக்க ஒரே விதி. ராஜகோபாலும் நண்பர்களும் கிட்டத்தட்ட இருபது வருஷம் அலைந்ததன் பலன் இது. அதே வருஷம் உலக சுகாதார மாநாடும், இது எல்லா நாடுகளின் பொது சுகாதாரத்திலும் அங்கமாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

பூட்டு திறந்துவிட்டது, ஆனால் உள்ளே போக ஆளில்லை. சட்டம் திருத்தி ஐந்து வருஷம் கழித்து என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் மருந்துப் பட்டியல் இருந்தது, வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று எதுவும் இல்லை. எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் மார்ஃபின் என்ற பேரைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். 80 கிலோமீட்டர் தள்ளி ஒரு தொண்டு அமைப்பின் கிளினிக்கில்தான் கிடைத்தது. அதைச் சாப்பிட்ட அன்றைக்கு ராத்திரி பெரியம்மா ஐந்து மணி நேரம் தொடர்ச்சியாகத் தூங்கினார். அக்காவும் தூங்கினாள். சில ரூபாய் மாத்திரை. அதற்கு முன்னால் போன ஏழு வாரத்துக்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது.

பணம் பாயும் பாதையையும் பாருங்கள். 2018-ல் வந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். அதே நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்க நர்ஸ் வருகைக்கோ, காற்றுப் படுக்கைக்கோ அதில் இடமில்லை. கட்டிலில் படுத்தால் காசு, வீட்டில் படுத்தால் இல்லை என்று விதி எழுதிவிட்டு, மக்கள் கடைசி நேரத்தில் ஐ.சி.யூ.வில் கூட்டமாகச் சேர்கிறார்களே என்று வருத்தப்பட்டு என்ன பயன்?

சட்டத்தின் இன்னொரு பக்கமும் இதோடு சேர்ந்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், குணமாகாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது. மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி கையெழுத்து போதும். நல்ல தீர்ப்பு. ஆனால் “வென்டிலேட்டர் வேண்டாம்” என்று ஒருவர் எழுதி வைத்தால், அவருக்கு வேறு என்ன கிடைக்கும்? வீட்டில் வலியில்லாமல் இருக்க ஏற்பாடு இருந்தால் அது அவருடைய தேர்வு. அது இல்லாவிட்டால் அந்தக் காகிதம் அவரைக் கைவிடுவதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடும்.

நம் தென்மாவட்டங்களில் ‘தலைக்கூத்தல்’ என்று ஒரு வழக்கம் பற்றிப் பேச்சு உண்டு. படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் வழியனுப்பிவிடுவது. ‘பாரம்’ படம் அதைப் பற்றியதுதான். அது கொலை, நியாயப்படுத்த எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயரில் இருக்கும் ‘பாரம்’ எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். கூலி வேலைக்குப் போனால்தான் சோறு என்கிற வீட்டில், படுத்த ஒருவரை மாதக்கணக்கில் தனியாகத் தூக்கிச் சுமக்கச் சொன்னோம். ஒரு முறைகூட யாரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

தமிழ்நாடு: வட்டாரத்துக்கு ஒருவர்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதுதான் அதில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி. ஆனால் நோய் ஆதரவு சிகிச்சை, இயன்முறை சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் வயிற்று டயாலிசிஸுக்கான பைகள் ஆகியவையும் அதில் உண்டு. 2024-ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. அரசு நர்ஸ் வீட்டுக்கு வருவது என்ற எண்ணத்தை மாநிலம் முழுக்கப் பழக்கப்படுத்தியது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

இருந்தாலும் ஒரு கணக்கு போடலாம். நோய் ஆதரவு நர்ஸ் இங்கே வட்டாரத்துக்கு ஒருவர் என்ற அளவில் அமைந்திருக்கிறது. நம் ஊரக மக்கள்தொகையை வட்டாரங்களால் வகுத்தால் ஒரு வட்டாரம் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். கேரளத்தின் ஒரு பஞ்சாயத்து கால் லட்சம் பேர் அளவுதான். அதாவது நம் நர்ஸுக்கு நான்கு மடங்கு வேலை. 2011 கணக்கெடுப்பிலேயே 60 வயதைத் தாண்டியவர்கள் தமிழ்நாட்டில் 10.4 சதவீதம், கேரளத்தில் 12.6. அந்த இடைவெளி பெரிதல்ல, நாமும் வேகமாக மூப்படைகிறோம். தவிர, அந்த நர்ஸ் வராவிட்டால் நம் ஊராட்சித் தலைவரைக் கேட்க முடியாது. அவர் பட்ஜெட்டில் அந்த நர்ஸ் இல்லை.

நாடு முழுக்க என்றால்

ஆயுஷ்மான் நலவாழ்வு மையங்களின் 12 சேவைகளில் முதியோர் மற்றும் நோய் ஆதரவு சேவையும் காகிதத்தில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் 2019 முதல் இடம் பிடித்திருக்கிறது. ஆக, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகமில்லை. இந்த வரலாற்றைப் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது நான்கு விஷயங்கள்.

ஒன்று, நர்ஸின் சம்பளமும் வண்டியும் மக்கள் நடந்து போய்க் கேட்கக்கூடிய ஓர் உள்ளாட்சியின் கணக்கில் இருக்க வேண்டும், நிதியை மாநிலமும் மத்திய அரசும் கொடுக்கட்டும். இரண்டு, மாவட்டத்துக்கு ஓர் அரசு மருத்துவமனையிலாவது மார்ஃபின் எந்நாளும் இருப்பில் இருக்க வேண்டும், அதை எழுதத் தயங்காத ஒரு டாக்டரும் வேண்டும். மூன்று, காப்பீட்டுப் பணம் வீட்டு வருகைக்கும் செல்ல வேண்டும். நான்கு, டிஸ்சார்ஜ் காகிதத்தில் கடைசி வரியாக ஒரு பெயரும் போன் நம்பரும் கட்டாயம் ஆக வேண்டும்: இவர் உங்கள் ஊருக்கு வரும் நர்ஸ், இந்தத் தேதிக்குள் வருவார்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் செலவு குறைவு. ஆனால் முதல் மூன்றும் இல்லாமல் அந்த வரியை எந்த ஆஸ்பத்திரியாலும் நிரப்ப முடியாது. அதனால் ஒரு மாநிலத்தின் சேவை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், பெரிய அறிக்கைகளைத் தேட வேண்டாம் என்பேன். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு நோயாளியின் டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் போதும்.